நான்காம் ஷரத்தும் என் மனைவியும்

16 ஆகஸ்ட் 1962

இன்று முதல் காரைக்கால் சட்டப்படி இந்தியா. கொடி எட்டு வருடத்துக்கு முன்பே மாறிவிட்டது. போலீஸ்காரர் தொப்பியும் தபால்தலையும் அதனோடு மாறின. ஆனால் அது கைமாற்றம்தான், சட்டப்படி ஒப்படைக்கவில்லை என்று பாரீஸில் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண் புகுந்த வீட்டில் எட்டு வருடம் சமைத்துப் போட்ட பிறகு நல்ல நாள் பார்த்துத் தாலி கட்டியதுபோல் இருக்கிறது.

விழா மேடையில் கடைசிப் பேச்சு என்னுடையது. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியன் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். தஞ்சாவூர் ராஜாவிடம் பிரெஞ்சுக் கம்பெனி இந்த ஊரை விலைபேசியதில் தொடங்கினேன். ராஜா கையெழுத்துப் போடுவதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.

ஒப்பந்தத்தின் நான்காம் ஷரத்துப்படி, இந்தப் பகுதிகளில் பிறந்து இன்று இங்கே குடியிருக்கும் பிரெஞ்சுப் பிரஜைகள் எல்லாரும் இந்தியப் பிரஜைகள் ஆகிறார்கள். வேண்டாம் என்கிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக்காரராகவே இருந்துகொள்ளலாம் என்கிறது ஐந்தாம் ஷரத்து. நான் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. ஒன்றுமே செய்யாமல் ஒரு மகத்தான தேசத்தின் பிரஜை ஆவது சரித்திரம் அபூர்வமாகத் தரும் வசதி.

இதைப் புனிதவதியிடம் சொன்னேன். "நீங்க ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு இந்த வீட்டுல வசதி என்னைக்குக் கொறஞ்சிருக்கு?" என்றாள்.

பாயசம் நன்றாக இருந்தது.

22 ஆகஸ்ட்

என் புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். 'நாடுகள் பழகக் கற்ற கதை' என்று பெயர். சர்வதேசச் சட்டம் வளர்ந்த விதத்தைத் தமிழில், ஒரு கடைக்காரரும் படிக்கும்படி எழுத உத்தேசம். முதல் அத்தியாயம் தூதர்கள். தூதரைக் கொல்லக் கூடாது என்பதுதான் நாடுகளுக்கு இடையே ஏற்பட்ட மிகப் பழைய விதி. அப்படி ஒரு விதி போட வேண்டி வந்தது என்பதே முன்பு கொன்றுகொண்டிருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

மாலையில் தபால். பிரான்ஸில் தூலோன் நகரத்திலிருந்து மகள் செண்பகம் எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளை அங்கே பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறார். ஏப்ரலில் பிரசவம். சென்ற வருடம் ஒன்று தங்காமல் போனதால் டாக்டர் பயணம் கூடாது என்று சொல்லிவிட்டாராம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வர வேண்டும். வர முடியாவிட்டால் தாய்வீடுதான் பெண்ணிடம் போக வேண்டும் என்றாள் புனிதவதி. இது எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. ஆனால் யாரும் மீறியதாகக் கேள்விப்பட்டதில்லை. வழக்கத்திலிருந்து பிறக்கும் சட்டம் என்ற மூன்றாம் அத்தியாயத்துக்கு நல்ல உதாரணம். குறித்துக்கொண்டேன்.

"குறிச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

9 செப்டம்பர்

வீட்டு வாசலில் கூட்டம். பிரெஞ்சில் இருக்கும் ஒப்பந்தத்தைத் தமிழில் சொல்ல இந்தத் தெருவில் நான்தான் இருக்கிறேன். இன்று மட்டும் நான்காம் ஷரத்தை எத்தனை முறை வாசித்தேனோ, கிளி ஜோசியக்காரனின் கிளிக்கு இருக்கும் சலிப்பு எனக்கும் வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுச் சூசைநாதன் வந்தான். இந்தோசீனாவில் சண்டை போட்ட பழைய சொல்தா. பத்து வயதிலிருந்து எனக்குச் சிநேகிதன். அவனுக்கு ஷரத்துகளில் சந்தேகம் இல்லை. "பென்ஷன் பாரீஸ்லேருந்து வருது. நான் பாரீஸ்காரன். நீ வாசிச்சுக்கிட்டே இரு" என்றான்.

போகும்போது அவன் புனிதவதியிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போனான். பிரெஞ்சுப் பிரஜை என்றால் நினைத்த அன்று கப்பல் ஏறலாம். இந்தியப் பிரஜை என்றால் பாஸ்போர்ட், விசா, அந்நியச் செலாவணி அனுமதி, எல்லாம் கைக்கு வருவதற்குள் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். இதைச் சொல்ல அவனை யாரும் கேட்கவில்லை.

23 செப்டம்பர்

ஸ்பெயினும் போர்ச்சுக்கலும் போப்பாண்டவரைச் சாட்சி வைத்துக் கடலின் நடுவே ஒரு கோடு கிழித்து உலகத்தைப் பங்குபோட்டுக்கொண்ட அத்தியாயம் முடிந்தது. உலகத்தை யாரும் கேட்கவில்லை.

புனிதவதி தன் கட்டிலைச் செண்பகத்தின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். கூடத்து மின்விசிறி சத்தம் போடுகிறதாம். கோடு எதுவும் கிழிக்கவில்லை. ஆனால் என் மூக்குக்கண்ணாடியும் வெற்றிலைப் பெட்டியும் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவை என்பதில் ஒரு தெளிவு ஏற்பட்டுவிட்டது.

24 செப்டம்பர்

மின்விசிறிக்கு எண்ணெய் போட்டேன். சத்தம் இல்லை. கட்டில் திரும்பவில்லை.

7 அக்டோபர்

மத்தியானம் புனிதவதி வந்து எதிரே உட்கார்ந்தாள். வாழைப்பூ ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நான் எழுதிக் குடுத்தா உங்களுக்கு என்ன?"

ஐந்தாம் ஷரத்தின் கீழ் கணவன் வேறு, மனைவி வேறு, அவரவர் விருப்பம் அவரவருடையது என்று விளக்கினேன். அந்தக் காலத்து ஐரோப்பாவில் கணவனின் நாடு எதுவோ அதுவே மனைவியின் நாடு. அதிலிருந்து இவ்வளவு தூரம் முன்னேறியிருக்கிறோம் என்றேன். ஆகவே சட்டப்படி எனக்கு ஆட்சேபம் இல்லை.

"நான் சட்டத்தக் கேக்கல" என்று வாழைப்பூவோடு எழுந்து போய்விட்டாள்.

அவள் பிரெஞ்சுக்காரியாக எழுதிக் கொடுத்துத் தூலோனுக்குப் போனால், பிள்ளை பிறக்கும், பிறகு தவழும், பிறகு நடக்கும். நடக்கிற பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பிய பாட்டி யாரையும் எனக்குத் தெரியாது. சூசையின் மச்சினி மார்சேய்க்கு ஒரு மழைக்காலம் இருக்கப் போனவள். பதினோரு வருடமாக அங்கே மழை விடவில்லை. இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம், புலம்பெயர்தல் பற்றிய அத்தியாயத்துக்குப் பயன்படும் என்பதுதான்.

24 அக்டோபர்

வடக்கே சீனப் படை எல்லை தாண்டிவிட்டது. ரேடியோ முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட பஞ்சசீலத்தைப் பற்றி, பரஸ்பர மரியாதை, ஆக்கிரமியாமை என்று சென்ற வாரம்தான் பன்னிரண்டு பக்கம் எழுதி முடித்தேன். நல்ல நடை. அதைக் கிழிக்க மனம் வரவில்லை. 'நாடுகள் கண்ட கனவுகள்' என்ற வேறு அத்தியாயத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அது ஏற்கெனவே பெரிய அத்தியாயம்.

11 நவம்பர்

பாதுகாப்பு நிதிக்கூட்டம். தேசத்துக்குத் தனி மனிதன் ஆற்ற வேண்டிய கடமை பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். நன்றாக வந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து புனிதவதி எழுந்து வந்து, இரண்டு வளையல்களையும் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். என்னிடம் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அவள் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வளையல் இருந்த இடம் வெளுத்திருந்தது. நான் பேச்சு கொடுத்தேன், அவள் வளையல் கொடுத்தாள் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"பையனுங்க பனியில நிக்கறானுங்களாம், காலுக்கு நல்ல பூட்ஸ்கூட இல்லையாம்" என்றாள்.

22 நவம்பர்

சண்டை நின்றுவிட்டது. அவர்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். ரசம்.

9 டிசம்பர்

புயல் மழை. புனிதவதி கம்பளி பின்னுகிறாள். சிறு வயதில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது. காரைக்காலில் கம்பளிக்கு என்ன அவசியம் என்று நான் கேட்கவில்லை. ஒன்று உள்ளங்கை அளவுச் சட்டை. அது முடிந்துவிட்டது. இன்னொன்று பெரியது, பழுப்பு நிறம். நான் நாற்காலியில் அசந்திருக்கும்போது அதை என் முதுகில் வைத்துப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளைக்கும் என் தோள் அகலம்தான் போலும். அவர் என்னைவிட அரை முழம் உயரம் என்பது வேறு விஷயம்.

25 டிசம்பர்

சூசை வீட்டில் விருந்து. அவனும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அவன் மனைவி ரொசாலியும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் கன்சல் அலுவலகத்தார் இங்கே வந்து உட்கார்ந்த அன்று புனிதவதிதான் ரொசாலிக்குத் துணையாகப் போனாளாம். எனக்கு இன்றுதான் தெரியும்.

அவளும் எழுதிக் கொடுத்தாளா என்று நான் கேட்கவில்லை. அது அவளுடைய ஐந்தாம் ஷரத்து உரிமை. சூசையிடம் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், அன்று அலுவலகத்தில் கூட்டம் எப்படி, ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று மட்டும் விசாரித்தேன்.

"பொண்டாட்டிய கேளுடா" என்றான்.

15 ஜனவரி 1963

மாட்டுப் பொங்கல். கரும்பு வெட்டும்போது புனிதவதி சொன்னாள், தான் எழுதிக் கொடுக்கவில்லை என்று. கொடுக்கப் போவதும் இல்லை.

"அன்னைக்கு ரொசாலிக்கூட போயி வரிசையில நின்னேன். என் முறை வந்துது. அந்தப் பொண்ணு பேரு கேட்டுது. சொன்னேன். புருஷன் பேரு கேட்டுது. தர்ப்பாரண்யம்னேன். அவரு வரலையான்னு கேட்டுது. வந்துட்டேன்."

செண்பகத்துக்கு என்ன பதில் என்று கேட்டேன். மாப்பிள்ளையின் அக்கா பாரீஸில் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள், சட்டையைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்றாள். கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவர என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள்.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பொங்கல் ஏனோ ருசிக்கவில்லை. பால் குறைவாக இருந்திருக்கும்.

20 ஜனவரி

சட்டையை ஒரு துணியில் தைத்து விலாசம் எழுதச் சொன்னாள். எழுதினேன். தபாலாபீஸ் விடுமுறை என்று சொல்லி அலமாரியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அது உண்மையும்கூட.

29 ஜனவரி

இன்னும் அனுப்பவில்லை.

8 பிப்ரவரி

எழுதிக் கொடுக்க இன்னும் ஒரு வாரம். காலையில் கமாலுதீன் மரைக்காயர் வந்தார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை, சைகோனில் தம்பியின் கடை. என்னை இன்னும் பிரெஞ்சுக்காரனைக் கூப்பிடுவதுபோல் 'மிசியே' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு ஒரு சந்தேகம்.

அவர்கள் வழக்கத்தில் பெண் கல்யாணத்துக்குப் பிறகும் தாய்வீட்டில்தான் இருப்பாள். வாப்பா காரைக்கால். உம்மா நாகூர், அதாவது அந்தக் காலத்தில் இங்கிலீஷ்காரன் எல்லை. "நான் பொறந்தது உம்மா வூட்டுல மிசியே. நாலாவதுல நான் வர்றேனா, அஞ்சாவதுல வர்றேனா?"

அருமையான கேள்வி. இரண்டிலும் வரமாட்டீர் என்றேன். நான்காம் ஷரத்து 'இந்தப் பகுதிகளில் பிறந்து' என்று தொடங்குகிறது. நாகூர் இந்தப் பகுதி அல்ல. ஆகவே அவரை இந்தியப் பிரஜை ஆக்குகிற வாசகம் ஒப்பந்தத்தில் இல்லை. ஐந்தாவதோ நான்காவதில் வந்தவர்களுக்கு மட்டும். அவரைப் பற்றி ஒப்பந்தம் வாயே திறக்கவில்லை. இதுவரை பிரெஞ்சுக்காரர் என்றால் இனியும் அவர் பிரெஞ்சுக்காரர்தான். ஒரு மனிதனின் ஊர் வேறு, பிறந்த இடம் வேறு என்பதை நம் ஜனங்கள் புரிந்துகொள்வதில்லை. எந்த ஊர் என்று கேட்டால் அப்பன் ஊரைச் சொல்கிறார்கள். சட்டம் கேட்பது தாய்க்கு எங்கே வலி எடுத்தது என்பதை, என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

உள்ளே அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

"அப்ப நீங்க?" என்று புனிதவதியின் குரல் வந்தது.

நான் என்ன என்றேன்.

"பொறையாத்துக்குப் போறப்பல்லாம் ஒரு ஓட்டு வீட்டக் காட்டி, இந்த வீட்டு ரெண்டாங்கட்டுலதான் நான் பொறந்தேம்பீங்களே. பொறையாறு யாரு எல்லை?"

மரைக்காயர் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடையில் ஆள் இல்லை என்று எழுந்தார்.

9 பிப்ரவரி

பொறையாறு நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் இங்கிலீஷ் எல்லை. தலைச்சன் பிள்ளை என்பதால் அம்மா தாய்வீடு போய்த்தான் என்னைப் பெற்றாள். மூன்றாம் மாதம் வண்டி கட்டி இந்தப் பக்கம் கொண்டு வந்தபோது, சுங்கச் சாவடியில் மூட்டையை அவிழ்த்துப் புகையிலை இருக்கிறதா என்று பார்த்தார்களாம். மடியிலிருந்த என்னை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இதைக் குடும்பத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், பல முறை, இந்த ஆறு மாதத்திலும்.

பிறந்த இடம் எது என்று எனக்குத் தெரியும். நான்காம் ஷரத்தும் மனப்பாடம். இரண்டையும் ஒரே நாளில் நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

12 பிப்ரவரி

முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரி. புனிதவதியும் வந்தாள். வேண்டாம் என்றேன், தனியாகப் போனால் நீங்கள் அவர்களுக்குச் சரித்திரம் சொல்வீர்கள் என்றாள்.

பஸ் பொறையாற்றில் நின்றது. நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கன்சல் அலுவலகத்தில் ஓர் இளம் பிரெஞ்சுக்காரர் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். என் வாதத்தையும் கேட்டார்: ஒப்பந்தத்தின் நோக்கம் என்னைப் போன்றவர்களையும் சேர்த்ததாகத்தான் இருக்க வேண்டும். நோக்கத்தைப் பற்றித் தமக்குத் தகவல் இல்லை என்றார். ஒப்பந்தம் மௌனமாக இருக்கும் இடத்தில் நான் முன்பு என்னவாக இருந்தேனோ அதுவே. எழுந்து கை கொடுத்து, பிரான்ஸ் தங்களை இழக்காததில் மகிழ்கிறது என்றார். கூட வந்திருப்பது மனைவி என்று தெரிந்ததும், கணவனோடு தூலோன் போவதில் அம்மையாருக்கு ஒரு சிரமமும் இருக்காது, அவருடைய இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் எங்கள் கடிதம் ஒன்று தருகிறோம் என்று சேர்த்துக்கொண்டார். இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். புனிதவதி அவரைப் பார்த்துக் கை கூப்பினாள். எனக்கு என்றும் கூப்பாத கை.

அடுத்து நம்முடைய அலுவலகம். நம்முடைய என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அதிகாரி படிவத்தை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் பார்த்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, "தேசபக்தி இருக்கு சார், தெரியுது. ஆனா அதுக்குன்னு ஒரு கட்டம் இல்லையே இதுல" என்றார். விண்ணப்பம் கொடுத்தால் டில்லிக்கு அனுப்புவார்களாம். பதில் வரும்வரை வெளிநாட்டார் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மாலை பஸ்ஸில் திரும்பினோம். சிதம்பரத்தில் அவள் இறங்கி எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

"மிசியே, டீ" என்றாள்.

14 பிப்ரவரி

நாளை கடைசி நாள். காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, தீர்மானமாக அவளிடம் பேசினேன். குறிப்பு எதுவும் கையில் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்காகத்தான் அவள் எழுதிக் கொடுக்காமல் வந்தாள். நான் இந்தியன் என்று அவள் நம்பினாள், நான் நம்பவைத்தேன். இப்போது நானே பிரெஞ்சுக்காரன் என்று ஆகிவிட்டது. ஆகவே அவளும் நாளைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடட்டும். இரண்டு பேரும் ஒரே நாடாக இருந்துவிடலாம். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், ஆனால் பழகிவிடும். அவள் செண்பகத்திடம் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். நான்... என்று அந்த இடத்தில் வாக்கியம் முடியவில்லை.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் அங்கேயே தங்கிடுவேன்னு பயம். அதானே? ஆவணிலேருந்து இதே மூஞ்சி."

இல்லை என்றேன். பிறகு ஆம் என்றேன்.

முறத்தைக் கீழே வைத்தாள். "அந்தப் பெரிய ஸ்வெட்டர் யாருக்குன்னு நெனச்சீங்க? உங்கள இங்க விட்டுட்டு அங்க போயி நான் என்ன, கடல எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பேனா? ரெண்டு பேரா போலாம்னுதான் வரிசையில நின்னேன். நீங்க வரமாட்டேன்னு தெரிஞ்சுதான் திரும்பி வந்தேன்."

இப்போது அந்தத் தடை இல்லையே, எழுதிக் கொடுப்பதில் என்ன என்றேன்.

"போறதுக்கு நீங்க இருக்கீங்க. திரும்பி வர்றதுக்கு ஒரு ஆள் வேணாமா? நான் இப்படியே இருக்கேன்."

இரு நாடுகளுக்கு இடையே போக்குவரத்து உரிமையை இதைவிடச் சுருக்கமாக வகுத்த ஒப்பந்தம் எதையும் நான் படித்ததில்லை. அப்படிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. முறத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டு கல் பொறுக்கினேன்.

15 பிப்ரவரி

புனிதவதி எங்கும் போகவில்லை. நானும் போகவில்லை. மாலையில் சூசை வந்து, தன் தேசத்தவன் என்று என்னைக் கட்டிக்கொண்டு, பிரெஞ்சுத் தேசிய கீதத்தை மூன்று வரி பாடினான். அவனுக்கு மூன்று வரிதான் தெரியும். எனக்கு முழுதும் தெரியும் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

4 மார்ச்

தூலோனுக்குத் தந்தி கொடுத்தாயிற்று. மாதக் கடைசியில் பம்பாயிலிருந்து கப்பல். சின்னச் சட்டையை நேரில் கொண்டு போகிறோம்.

இன்று வெளிநாட்டார் பதிவுக்குப் போலீஸ் நிலையம் போனோம். சப்-இன்ஸ்பெக்டர் மதுரைப் பக்கம், இந்த ஊருக்குப் புதிது. இந்தியாவில் எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். புனிதவதி தெருவைச் சொன்னாள். யார் வீடு என்றார். "என் வீடு" என்றாள். வீடு என் அப்பா எனக்கு எழுதி வைத்தது. மறுக்கவில்லை. எந்தக் காரியமாக இந்தியாவில் தங்கியிருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு தஞ்சாவூர் ராஜாவிலிருந்து தொடங்கப் பார்த்தேன்.

"வேற எங்க போவாரு?" என்றாள் அவள்.

சப்-இன்ஸ்பெக்டர் அதற்குப் பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு, வெளிநாட்டவருக்கு ஓர் இந்தியப் பிரஜை உத்தரவாதம் தர வேண்டும் என்று காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, வாசித்துக் காட்டினார். இவர் வயிற்றுப்பாட்டுக்குப் பொறுப்பு, இவர் இருப்பிடத்துக்குப் பொறுப்பு, இவர் நன்னடத்தைக்குப் பொறுப்பு.

முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினாள். மூன்றாவதில் என்னைத் திரும்பி ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.